நால்வர் அணிக்கு முதலில் யாரை எடுப்பது?

நகரி | 2025 ஆகஸ்ட் 2

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸ் கதையை இதுவரை நாலு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிச்சுப் படமா எடுத்திருக்காங்க. ஒரு விபத்துல சக்தி கிடைச்ச நாலு பேர் கதை: உடம்பு நீள்ற ரீட், மறையற சூ, அவ தம்பி தீயா எரியற ஜானி, கல் மனிதனாயிட்ட பென். 1994-ல முடிச்சும் வெளியிடாம வச்ச படம், 2005, 2015, இப்போ ஜூலை 25-ல வந்தது. 2007-ல வந்தது இரண்டாம் பாகம், அது கணக்குல சேராது. 2015 படம் விழுந்ததுக்கு நடிகர் தேர்வுதான் காரணம்னு சொல்றேன். நாலு பேரும் கல்லூரிப் பசங்க மாதிரி இருந்தாங்க, ஒருத்தருக்கும் காமிக்ஸ்ல பார்த்த முகம் இல்ல. இந்தத் தடவை பெட்ரோ பாஸ்கல், வனெஸ்ஸா கிர்பி, ஜோசப் க்வின், எபன் மாஸ்-பக்ராக். ஒரே வீட்டு ஆளுங்கன்னு நம்ப முடியுது.

கேள்வி ரெண்டு. இப்படி ஒரு குழுவுக்கு ஆள் எடுக்கும்போது யாரை முதல்ல எடுக்கணும்? இன்னொண்ணு, காணும் பொங்கலுக்கு இங்க மேடையில இந்த நாலு பேரை வச்சு அரை மணி நேரம் நாடகம் போடப் போறோம். கல் மனிதனை எப்படிச் செய்யறது?

புத்தூர் | ஆகஸ்ட் 2

முகம் காரணம் இல்லை தம்பி. பிறந்த வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்.

2005: ரீட் வேடத்தில் யோவன் கிரிஃபித் 1973, பென் வேடத்தில் மைக்கேல் சிக்லிஸ் 1963. கதைப்படி ரெண்டு பேரும் பழைய சிநேகிதர்கள், பத்து வருஷ வித்தியாசம். சூ வேடத்தில் ஜெசிகா ஆல்பா 1981 ஏப்ரல், தம்பி ஜானியாக வந்த கிறிஸ் எவன்ஸ் 1981 ஜூன். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ரெண்டு மாசம்கூட இல்லை. அதனால்தான் அந்தப் படத்தில் சூ தம்பியை அதட்டும்போது அக்கா அதட்டுகிற மாதிரி இல்லை, வகுப்புத் தோழி சலித்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது.

2025: ரீடாக பாஸ்கல் 1975, பென்னாக மாஸ்-பக்ராக் 1977. சூவாக கிர்பி 1988, ஜானியாக க்வின் 1994. சிநேகிதர்களுக்கு நடுவில் ரெண்டு வருஷம், அக்கா தம்பிக்கு ஆறு வருஷம். வீடு மாதிரி இருக்கிறது என்று நீ சொல்கிறாயே, அதில் பாதி இந்தக் கணக்கு. குழுப் படத்துக்கு ஆள் எடுப்பது என்றால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தேர்ந்தெடுப்பது. முகம் அதற்குப் பிறகு.

நகரி | ஆகஸ்ட் 2

அப்போ 2015-க்கு அந்தக் கணக்குப் போடுங்கண்ணா.

புத்தூர் | ஆகஸ்ட் 3

ரீடாக மைல்ஸ் டெல்லர் 1987, ஜானியாக மைக்கேல் பி. ஜோர்டான் 1987, பென்னாக ஜேமி பெல் 1986, சூவாக கேட் மாரா 1983. ரீடும் பென்னும் சிறுவயதுத் தோழர்கள், அது பொருந்துகிறது. அக்கா தம்பிக்கு நாலு வருஷம், அதுவும் சரி. டெல்லரும் ஜோர்டானும் அதற்கு முந்தைய வருஷமே ஒரு படத்தில் சிநேகிதர்களாகச் சேர்ந்து நடித்தவர்கள். நாலு பேரும் நல்ல நடிகர்கள். ஆகவே தேர்வின் மேல் பழி போட முடியாது.

கோளாறு திரைக்கதையில். நாலு பேரையும் கட்டிப்போட வேண்டியது அந்த விபத்து. 2015-ல் அந்தப் பயணத்தில் சூ இல்லவே இல்லை. ரீட், பென், ஜானி, பின்னால் வில்லனாகிற விக்டர் போகிறார்கள், சூ கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி பாதிக்கப்படுகிறாள். பிறகு ரீட் தப்பி ஓடுகிறான், கதை ஒரு வருஷம் தாவுகிறது, அந்த ஒரு வருஷக் கோபமும் வருத்தமும் நமக்குக் காட்டப்படவில்லை. நாலு பேரும் ஒன்றாக நிற்பது கடைசிச் சண்டையில்தான். பழக நேரமே கொடுக்காமல் வைத்தால் எந்த நடிகரைப் போட்டாலும் அன்னியர்களாகத்தான் தெரிவார்கள்.

முகம் பற்றி ஒன்று. காமிக்ஸில் வுல்வரின் 160 செ.மீ. உயரம். 2000-ல் 'எக்ஸ்-மென்' படத்தில் அந்த வேடத்துக்கு வந்த ஹ்யூ ஜாக்மன் 188 செ.மீ. வேறொருவர் படத் தேதி இடித்ததால் விலகிய பிறகு வந்தவர் அவர். 28 செ.மீ. கூடுதல் என்று யாரும் தியேட்டரை விட்டு எழுந்து போகவில்லை. அந்தப் படத்தில் ரோக் என்ற சின்னப் பெண்ணிடம் அவர் காட்டிய அக்கறையும், குழுவில் இருக்கும் ஸ்காட்டிடம் காட்டிய முறைப்பும் சரியாக விழுந்தன. அது போதுமாக இருந்தது.

நகரி | ஆகஸ்ட் 4

முகம் வேணாம்னா உடையாவது அப்படியே இருக்கணும். 1961 முதல் இதழ்லேர்ந்து அந்த நீல உடைதானே அடையாளம்?

புத்தூர் | ஆகஸ்ட் 4

முதல் இதழில் சீருடை கிடையாது. காமிக்ஸை உருவாக்கிய ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் முதலில் சாதாரண உடையில்தான் விட்டார்கள். நீல உடை மூன்றாவது இதழில் வந்தது. முதல் ரெண்டு இதழும் உடை இல்லாமலே ஓடின என்பதை மேடைக்கு ஆள் எடுக்கும்போது மனதில் வை. வீட்டு உடையில் நிற்கும்போதே யார் யார் என்று தெரிய வேண்டும்.

குப்பம் | ஆகஸ்ட் 5

நம் பக்கத்துத் தர்மராஜர் கோயில் பாரதத்தை இங்கே பேசியாக வேண்டும். பதினெட்டு நாள் பாரதத்தில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ஐந்து பாண்டவர், ஒரு திரௌபதி. இதுவும் ஒரு குழுதான். போன வருஷம் வீமன் கட்டியவர் வேறு, இந்த வருஷம் வேறு, பக்கத்து ஊரில் இன்னொருவர். ஒல்லியானவர் கட்டினாலும் சனம் அவரை வீமனாகவே பார்க்கிறது. மறுபடி மறுபடி முதலிலிருந்து சொல்லப்படும் கதையில் ஆள் மாறுவது பிரச்சினையே இல்லை என்பதை நம் ஊர்க் கிழவிகள் எல்லோரும் அறிவார்கள்.

அது எப்படி நடக்கிறது? ரெண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று தான் யார், யாருக்கு மகன், என்ன செய்தவன் என்று பாடுகிறார். முதலில் காலும் கிரீடமும் மட்டும் தெரியும். திரை விலகியதும் கட்டியக்காரன் குறுக்கே வந்து கேள்வி கேட்கிறான். அந்தக் கேள்வி பதிலில் அவர் கோபக்காரரா, பொறுமைசாலியா, அண்ணனுக்குப் பயந்தவரா என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துபோகிறது.

2025 படத்தில் இயக்குநர் மாட் ஷாக்மன் செய்ததும் இதைத்தான். விண்வெளி விபத்து, சக்தி கிடைத்தது, எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அடக்கிவிட்டார். நிகழ்ச்சி நடத்துகிறவர் நாலு பேரையும் அறிமுகம் செய்கிறார், நாலு வருஷ சாகசம் துண்டு துண்டாக ஓடி முடிகிறது, கதை வீட்டுக்குள் போய்விடுகிறது. அந்த நிகழ்ச்சியாளர் வேலை கட்டியக்காரன் வேலை. 2005-ல் சக்தி கிடைப்பதும் அதற்குப் பழகுவதுமே படத்தின் பெரும் பகுதி.

உங்கள் அரை மணி நேரத்தில் மூலக் கதைக்கு நாலு நிமிஷத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கட்டியக்காரனை மேடைக்குக் கொண்டுவாருங்கள். நாலு பேருக்கும் திரை பிடியுங்கள், ஆளுக்கு ஒரு நிமிஷம். வரிசை: ரீட், சூ, ஜானி, கடைசியாக பென். கல் உடம்பை முதலிலேயே காட்டிவிட்டால் மற்ற மூன்று பேரையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

புத்தூர் | ஆகஸ்ட் 5

இதை ஒப்புக்கொள்கிறேன். மேடையில் கடைசியாக வருகிறவனை ஆள் எடுக்கும்போது முதலில் எடு. பென்னை முடிவு செய்யாமல் மற்ற மூன்று பேரை முடிவு செய்யக் கூடாது. அவன் உடம்புதான் மற்றவர்கள் எங்கே நிற்பது, எந்த உயரத்தில் பார்ப்பது, எத்தனை வேகத்தில் நடப்பது என்று தீர்மானிக்கிறது.

நாலு படத்திலும் பென்னை மூன்று விதமாகச் செய்தார்கள். 1994-ல் மனித பென்னுக்கு ஒருவர், கல் உடைக்குள் வேறொரு சண்டைக் கலைஞர். பத்து லட்சம் டாலர் அளவில் எடுத்த படம், வேறு வழியில்லை. 2005-ல் சிக்லிஸ் தானே உடைக்குள் போனார். ஃபோம் லேடக்ஸ் (ரப்பர் நுரை) உடை, ஏறத்தாழ 27 கிலோ, போடவே சில மணி நேரம். 2007-ல் நடுவில் கழற்றி மாட்டுகிற மாதிரி மாற்றினார்கள். 2015-லும் 2025-லும் நடிகரின் அசைவைப் பதிவு செய்து கணினியில் உடம்பைக் கட்டினார்கள்.

உடை என்றால் எதிரில் நிற்பவருக்குத் தொட ஒரு பொருள் இருக்கிறது, ஆனால் முகம் பாதி செத்துவிடும். கணினி என்றால் முகம் முழுக்கக் கிடைக்கும், ஆனால் எதிரில் நிற்பவர் பார்வை தவறும். கல் உருவம் நடிகரைவிட உயரம் என்பதால் அவர் தலைக்கு மேலே ஒரு அடையாளம் கட்டி, அதன் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்வார்கள். ஒருவர் அடையாளத்தையும் இன்னொருவர் நடிகரின் கண்ணையும் பார்த்தால் முடிந்த படத்தில் ஒருவர் நெஞ்சோடு பேசிக்கொண்டிருப்பார். மேடையில் உனக்கு அந்தத் தொல்லை இல்லை. உடைதான் வழி.

சத்தியவேடு | ஆகஸ்ட் 6

கல் உடைக்கு லேடக்ஸ் வேண்டாம். அச்சு, சூளை எல்லாம் வேண்டியிருக்கும். ஈ.வி.ஏ. ஃபோம் போதும். குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோத்துப் போடும் பாய் இருக்கிறதே, அதுதான். 60-க்கு 60 செ.மீ., 10 மி.மீ. கனம், பத்துப் பாய். உடம்பு முழுக்க மூட ஏழு போதும், மூன்று வீணாகும். முடிந்த உடை 5 கிலோவுக்குள் நிற்கும்.

முதலில் பொம்மை. நடிகர் பழைய சட்டை பேண்ட் போட்டு நிற்க, மேலே அகல டேப்பை இறுக்கமாக மூன்று சுற்று ஒட்டுங்கள். முதுகுப் பக்கம் நெடுகக் கீறிக் கழற்றி, மறுபடி ஒட்டி, உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும். நகரியில் தறிக் கழிவு நூலுக்குப் பஞ்சமே இல்லை, அதையே அடையுங்கள். அந்தப் பொம்மைக்கு உடம்போடு ஒட்டும் பனியன் துணி உடையைப் போட்டு, அதன் மேல்தான் கல் ஒட்ட வேண்டும். துணி இழுபட்ட நிலையில் இருக்கும்போது ஒட்டணும். தரையில் விரித்து ஒட்டினால் பிறகு துணி இழுபடாது, நடிகர் அதற்குள்ளே நுழைய முடியாது. நடிகர் மேலேயே வைத்து ஒட்டுவது கூடவே கூடாது, பசையின் ஆவி தலை சுற்ற வைக்கும்.

கல் துண்டுகள் ஒழுங்கில்லாத ஐந்து பக்கம், ஆறு பக்கம். நெஞ்சுக்கும் முதுகுக்கும் 8 செ.மீ., கைக்கு 5, விரலுக்கு 2. விளிம்பை 45 டிகிரி சாய்த்து வெட்டுங்கள். சாய்க்காவிட்டால் கல் மாதிரி இருக்காது, தரை ஓடு பதித்த மாதிரி இருக்கும். முழங்கை, முழங்கால், அக்குள், இடுப்பு மடிப்பு இந்த இடங்களில் 2 செ.மீ. இடைவெளி விட வேண்டும். மடிப்பின் குறுக்கே ஒட்டிய துண்டு முதல் உட்காரலிலேயே பிய்ந்துவிடும்.

பசை: செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் ரப்பர் பசை. ரெண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிஷம் காயவிட்டு, தொட்டால் விரலில் ஒட்டாத பதத்தில் அழுத்துங்கள். ஈரத்தோடு அழுத்தினால் ராத்திரி முழுக்க வழுக்கிக்கொண்டே இருக்கும். வெட்டிய துண்டின் மேல் பரப்பை ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டினால் ஓட்டை அடைந்து மினுமினுக்கும். வெளியில் காற்றோட்டமாக வைத்துச் செய்யுங்கள். அதன் மேல் வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. பிறகு கருப்பு கலந்த பழுப்பை இடுக்கு முழுக்க விட்டு, மேலே காய்ந்த தூரிகையில் ஆரஞ்சு. மஞ்சள் விளக்கில் ஆரஞ்சு வெளுத்துவிடும், செங்கல் நிறத்துக்கு ஒரு படி தள்ளியே கலக்கவும்.

கையில் நாலு விரல்தான். கட்டை விரல் ஒன்று, மற்றவை மூன்று. மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஒரே உறையில் விடுங்கள். இதை மறந்து ஐந்து விரல் செய்தால் காமிக்ஸ் தெரிந்தவர்கள் முதல் வரிசையிலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

நகரி | ஆகஸ்ட் 7

எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம்?

சத்தியவேடு | ஆகஸ்ட் 7

தொடர்ந்து 20 நிமிஷம். பொங்கலுக்குக் குளிர்தான், ஆனால் ஒத்திகை அக்டோபரில் என்றால் புழுக்கம் இருக்கும். ஃபோம் உடம்புச் சூட்டை வெளியே விடாது. முதுகில் கல் இடுக்குகளில் துணியை வெட்டி வலை தைத்துவிடவும். கழுத்துக்குப் பின்னால் பவர் பேங்கில் ஓடும் சின்ன விசிறி ஒன்று. தண்ணீரை உறிஞ்சுகுழலில் கொடுக்க ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வேறு வேலை அவருக்குக் கொடுக்காதீர்கள். தலையை முழுக்க மூடாமல் கண், மூக்கு, வாய், கன்னம் திறந்துவிட்டு, அந்த இடத்துக்கு அரிதாரம் பூசுங்கள். முகம் பாதி செத்துவிடும் என்று புத்தூர் அண்ணன் சொன்னதற்கும் அதுதான் மருந்து.

புத்தூர் | ஆகஸ்ட் 10

பென்னை முதலில் எடு என்றேன். யோசித்துப் பார்த்ததில் அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். நாலு பேர் என்றால் ஆறு ஜோடி. ரீட்-சூ, ரீட்-பென், ரீட்-ஜானி, சூ-பென், சூ-ஜானி, பென்-ஜானி. ஆள் எடுக்கும்போது தனித்தனியாக வசனம் பேசச் சொல்லாமல் ஜோடி ஜோடியாக நிறுத்து.

பென்னுக்கு ரெண்டு பேரை வைத்துக்கொண்டு, ஜானிக்கு வந்தவர்களோடு மோதவிடு. இந்த ஜோடி பழுதானால் நாடகத்தில் சிரிப்பே இருக்காது. 2005 படத்தில் எத்தனை குறை இருந்தாலும் சிக்லிஸும் எவன்ஸும் வம்பிழுத்துக்கொள்கிற இடங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. தூங்குகிறவன் கையில் ஷேவிங் நுரையை வைக்கிற குறும்பு சாதாரணமானது, ஆனால் ரெண்டு பேருக்கும் நடுவில் பயம் இல்லை என்று அது ஒரே அடியில் சொல்லிவிடுகிறது. அடுத்து ரீட்-பென். அங்கே பார்க்க வேண்டியது குற்ற உணர்ச்சி. பென் கல்லானதற்கு ரீடின் கணக்குத் தப்பியதுதான் காரணம். ரீடாக வருகிறவர் பென்னின் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்கிறாரா என்று கவனி. எடுக்கத் தெரிந்தவரை எடு.

சூவைக் கடைசியில் தேர்ந்தெடு, மூன்று பேரோடும் நிறுத்திப் பார்த்து. எல்லாப் படத்திலும் பட்டினி போடப்படும் ஜோடி சூ-பென். அரை மணி நேரத்தில் அந்த ரெண்டு பேருக்கும் தனியாக ஒரு காட்சி கட்டாயம் வை.

சோதனைக் காட்சிக்குச் சண்டை வேண்டாம், சாப்பாடு வை. இலை போட்டு நாலு பேரையும் உட்காரவிட்டு, யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள், யார் கேட்காமலே அடுத்தவர் இலையிலிருந்து அப்பளத்தை எடுக்கிறார்கள் என்று பார். வசனம் கொடுக்காதே. ஐந்து நிமிஷத்தில் குழு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

குப்பம் | ஆகஸ்ட் 11

எந்த மொழியில் போடப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. இந்தப் படம் தமிழிலும் தெலுங்கிலும் குரல் மாற்றி வந்திருக்கிறது. நகரிச் சனம் ரெண்டையும் பார்க்கும், ரெண்டும் புரியும். அதை மேடையில் பயன்படுத்துங்கள். ஸ்டார்ம் குடும்பத்து அக்கா சூவும் தம்பி ஜானியும் தங்களுக்குள் தெலுங்கில் பேசட்டும். ரீடும் பென்னும் தங்களுக்குள் தமிழில். நாலு பேரும் கூடினால் கலந்து. கோபம் வந்தால் சூ தெலுங்குக்குப் போகட்டும். நம் எல்லைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் நடப்பதுதான் இது. யார் ரத்த உறவு, யார் சிநேகத்தால் வந்தவர் என்பது வசனம் எழுதாமலே விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. தெலுங்கு பேசுகிறவரைச் சிரிப்புக்கும் தமிழ் பேசுகிறவரை வீரத்துக்கும் என்று பிரித்துவிடக் கூடாது. மறுபக்கமாகவும் கூடாது.

பென்னின் குரல் பற்றி. கல் உடம்பு என்றதும் அடித்தொண்டையில் உறுமச் சொல்வார்கள். பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிவிடும், சொல்லும் புரியாது. 2025-ல் மாஸ்-பக்ராக் மெதுவாக, வீட்டு ஆள் பேசுகிற குரலில்தான் பேசுகிறார். உடம்பு பெரியது, குரல் சிறியது, அந்த வித்தியாசத்திலேயே இரக்கம் வந்துவிடுகிறது. காலர் மைக்கை நெஞ்சில் குத்தினால் ஃபோம் உரசும் சத்தம்தான் கேட்கும். நெற்றியில் மயிர்க்கோட்டுக்குக் கீழே ஒட்டவும்.

நகரி | ஆகஸ்ட் 16

பென்னும் ஜானியும் முடிவாயிடுச்சு. ஜானிக்குத் தீப்பந்தம் வச்சுக்கலாமா? ரீட் கை நீள்றது, சூ மறையறது எப்படி?

சத்தியவேடு | ஆகஸ்ட் 16

தீ வேண்டாம். பக்கத்தில் நிற்கிற உடை ஃபோம், மேலே ரப்பர் பசை, ரெண்டும் பற்றினால் உருகி உடம்பில் ஒட்டும். பென் மேடையில் இருக்கும் வரை கற்பூரம்கூட ஏற்றாதீர்கள். ஜானியின் தோளிலிருந்து முழங்கை வரை ஆரஞ்சும் மஞ்சளுமாக மெல்லிய பட்டுத்துணிக் கீற்றுகள், 40 செ.மீ. நீளம், ஒரு கைக்குப் பன்னிரண்டு. தரையில் மேல்நோக்கி ஒரு மின்விசிறி, அதன் முன்னால் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கு. அவர் அந்த இடத்தில் வந்து நின்றால் எரிவார், நகர்ந்தால் அணைவார். இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள்.

ரீடின் கை: ஒரே மாதிரி நீலக் கை உறையோடு கறுப்பு உடை போட்ட ரெண்டு பேர், பின்னால் கறுப்புத் திரை. முதல் கை உள்ளே போகிறது, திரையின் மறுமுனையில் இன்னொரு கை வருகிறது. நாடகம் முழுக்க ரெண்டு தடவை போதும்.

புத்தூர் | ஆகஸ்ட் 18

சூ மறைவதற்குக் கருவி தேவையில்லை. மற்ற மூன்று பேரின் கண் போதும். அவள் பக்கவாட்டில் போன பிறகு மூன்று பேரும் ஒரே புள்ளியைப் பார்த்துப் பேச வேண்டும். ஒத்திகையில் ஒரு குச்சி நுனியில் பந்தைக் கட்டி அவள் முக உயரத்தில் நகர்த்திப் பழகு. ஒருவர் பார்வை ஒரு சாண் தள்ளிப்போனாலும் மாயம் கலைந்துவிடும்.

படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகவும்.

2005-ல் மறைகிற சக்தியை உடை கழற்றுகிற கேலிக்குத்தான் முக்கியமாகப் பயன்படுத்தினார்கள், பாலத்தின் மேல் கூட்டத்தின் நடுவில். அந்தப் பாத்திரத்துக்கு அது பெரிய அநியாயம். 2025-ல் சூ தடுப்புச் சுவரைப் பிடித்து நிற்கும்போது மூச்சு, கழுத்து நரம்பு, நடுங்கும் விரல் எல்லாம் தெரிகின்றன. வில்லன் கேலக்டஸைத் தள்ளுகிற இடத்தில் அவள் செலுத்துகிற பலத்துக்கு ஒரு விலை இருப்பது நமக்கு உறைக்கிறது. உங்கள் சூவுக்கும் இதைச் சொல். கையை நீட்டினால் மட்டும் போதாது, எதிரில் நிஜமாகவே ஒரு ஆள் அவள் உள்ளங்கையைத் தள்ளிப் பழகட்டும். அந்த எதிர்ப்பு உடம்புக்குப் பழகிய பிறகு ஆளை எடுத்துவிடு.

வில்லன் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2005-லும் 2015-லும் விக்டரையும் அதே விபத்துக்குள் ஏற்றிக் குடும்பத்தை ஐந்து பேராக்கினார்கள். நீ வெளியிலிருந்து வரவிடு.

நகரி | ஆகஸ்ட் 24

நாலு பேரும் முடிவாயிட்டாங்க. பள்ளிக்கூட வகுப்பறைதான் உடை மாத்தற இடம், அங்கேர்ந்து மேடைக்கு முப்பது அடி நடக்கணும். பென் உடையை எங்க போடறது?

சத்தியவேடு | ஆகஸ்ட் 25

வகுப்பறையில் போடாதீர்கள். தோள் அகலம் உடையோடு 75 செ.மீ. வரும், ஒற்றைக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைய முடியும், அக்குள் துண்டுகள் நிலையில் உரசிப் போகும். மேடைக்குப் பின்னாலேயே தார்ப்பாய் கட்டி ஒரு மறைப்புப் போடுங்கள். கால், உடம்பு, கை என்ற வரிசையில் மாட்ட ரெண்டு பேர் வேண்டும், 15 நிமிஷம் ஆகும். நாடகம் தொடங்கும் முன்பே கையுறை வரை முடித்துவிட்டு, தலையை மட்டும் ஜானியின் பாட்டு தொடங்கியதும் மாட்டுங்கள். காலணிக்குக் கீழே ஃபோம் 3 செ.மீ.க்கு மேல் வைக்காதீர்கள், மேடைப் படியில் கணுக்கால் பிசகும். படி எத்தனை, ஒரு படி என்ன உயரம் என்று அளந்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் முழங்கால் இடைவெளி 2 போதுமா, 3 வேண்டுமா என்று சொல்ல முடியும்.